பலகைப் பியானோ

கிருபையம்மாள்: இல்லிங்க, அந்த டம்ளரைத் தொடாதீங்க. மொதல்ல ஒரு வரி.

தேவசகாயம்: ராவெல்லாம் கூட்ஸ் வண்டியில கார்டா குந்திக்கினு வந்தவன்டி நான். ஒரு கண்ணுதான் தெறந்திருக்கு.

கிருபையம்மாள்: பலகையைப் பாக்க ஒரு கண்ணு போதும்.

தேவசகாயம்: காப்பி ஆறிடும்...

கிருபையம்மாள்: தணல் மேல வெச்சிருக்கேன், ஆறாது. ஒரே ஒரு வரி. சோத்தாங்கை மட்டும்.

தேவசகாயம்: ஊருல பியானோ கத்துக்கிறவன் பியானோவுல கத்துக்கிறான். நான் பொட்டிப் பலகையில கரியால கோடு போட்டுக்கினு தட்டறேன். பக்கத்து வூட்டு பாண்டுரங்கன் நேத்து கேக்கறான், "இன்னா கார்டு சார், தெனம் லொட்டு லொட்டுன்னு சத்தம் வருதே, எறும்பு அடிக்கிறீங்களா"ன்னு.

கிருபையம்மாள்: நீங்க இன்னா சொன்னீங்க?

தேவசகாயம்: ஆமான்னேன்.

கிருபையம்மாள்: ...போங்க! சிரிக்க வெச்சிட்டா வுட்டுடுவேன்னு பாக்கறீங்களா? பலகை வேணாம்னா ரொசாரியோ அம்மா வூட்டு பியானோவைத் தூக்கிக்கினு வந்து இங்க வைங்க. நாம ரெண்டு பேரும் வாசல்ல படுத்துக்கலாம்.

தேவசகாயம்: அந்தம்மா கத்துக்குடுக்கிறதே பெருசு. எஞ்சின் டிரைவர் சம்சாரம், ராஜா பட்டாபிஷேகத்துக்கு ரயில்வே கிளப்புல வாசிச்ச கை அது. என் கையைப் பாத்துட்டு, "தேவசகாயம், இது பியானோ, பச்சைக்கொடி இல்ல, ஆட்டாதே"ங்குது.

கிருபையம்மாள்: வயசு நாப்பத்தஞ்சுக்கு மேல ஆயி கத்துக்கிறவரு சம்மந்தி முன்னால வாயை வுடலாமா?

தேவசகாயம்: மறுபடியும் அதை ஆரம்பிக்கிறியா...

கிருபையம்மாள்: எஸ்தர் நிச்சயத்துக்குத் திண்டிவனம் போனோம். மாசிலாமணி வாத்தியாரு பேச்சோட பேச்சா சொன்னாரு, "எங்க வேதக்கோயில்ல நல்ல பியானோ ஒண்ணு இருக்கு. வாசிச்ச தொரைசானி சீமைக்குப் போயிட்டாங்க. இப்ப தொட ஆளில்ல"ன்னு. யாரு உங்களைக் கேட்டா? வாயில இருந்த அதிரசத்தை முழுங்கிட்டு, "என் பொண்ணு கலியாணத்துக்கு நான் வாசிக்கிறேன்"னீங்க.

தேவசகாயம்: அவரு அதோட வுட்டாரா? "உங்க பக்கத்துல யாருக்காவது இதெல்லாம் பழக்கம் உண்டா"ன்னு இழுத்தாரு பாரு, அந்த இழுவைதான்... எனக்குச் சுருக்குன்னுச்சு.

கிருபையம்மாள்: சுருக்குன்னது நெஞ்சுல. வலிக்கிறது விரல்ல. சரி, கையை வைங்க. டோ எங்க இருக்கு?

தேவசகாயம்: இங்க.

கிருபையம்மாள்: அது ரே. நீங்க எதை அமுக்கறீங்களோ அதைத்தான் நான் பாடுவேன். சரியா அமுக்கினா பாட்டு வரும், தப்பா அமுக்கினா தப்பாத்தான் வரும். ஊம்...

தேவசகாயம்: இந்தா.

கிருபையம்மாள்: டோ... மீ... ஃபா... அய்ய...

தேவசகாயம்: இன்னாடி அய்ய? பாட்டுல அய்ய இருக்கா?

கிருபையம்மாள்: ரெண்டு கட்டைய சேத்து அமுக்கினா அய்யதான் வரும். திரும்ப.

தேவசகாயம்: டோ, மீ, ஃபா, ஸோ...

கிருபையம்மாள்: ...ஸோ, லா, ஸோ... அப்படித்தான்! அப்படியே எறங்குங்க... மீ... ரே... டோ. பாத்தீங்களா?

தேவசகாயம்: வந்துடுச்சில்ல?

கிருபையம்மாள்: வந்துடுச்சி. இந்தாங்க காப்பி.

தேவசகாயம்: கொஞ்சம் இரு. ரெண்டாவது வரியையும் பாத்துட்றேன்.

கிருபையம்மாள்: ஆறிடும்னீங்க?

தேவசகாயம்: தணல் மேலதானே இருக்கு? நீ பாடு.

*

தேவசகாயம்: சம்மந்திக்கு ஒரு தபால் கார்டு போட்டுடலாம்னு பாக்கறேன், கிருபை.

கிருபையம்மாள்: இன்னான்னு?

தேவசகாயம்: பியானோ கெடக்கட்டும், தபேலா ஆர்மோனியம் வெச்சிக்கலாம்னு. மார்கழி பொறந்துடுச்சி. தையில கலியாணம். எனக்குப் பீச்சாங்கை சேரவே மாட்டேங்குது. சோத்தாங்கை போனா பீச்சாங்கை நிக்குது, பீச்சாங்கை போனா சோத்தாங்கை வேடிக்கை பாக்குது.

கிருபையம்மாள்: ரொசாரியோ அம்மா இன்னா சொன்னாங்க?

தேவசகாயம்: ஒண்ணும் சொல்லல. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திட்டு வந்தாங்க.

கிருபையம்மாள்: ஜன்னலைச் சாத்தினாங்களா?

தேவசகாயம்: சிரிக்காதடி.

கிருபையம்மாள்: சிரிக்கல. கூதக்காத்து அடிச்சிருக்கும், சாத்தியிருப்பாங்க.

தேவசகாயம்: மூணு நாளா நான் பலகையைத் தொடல. நீயும் கேக்கல. ஒருவேள உனக்கே நம்பிக்கை போயிடுச்சோன்னு...

கிருபையம்மாள்: அப்படி இல்லிங்க. அன்னிக்கு உங்க மூஞ்சியைப் பாத்தேன். அந்த மூஞ்சியோட உக்காந்தா பலகையும் அழும். அதான் வுட்டேன். இன்னிக்கும் வாசிக்க வேணாம். சும்மா பக்கத்துல வந்து குந்துங்க.

தேவசகாயம்: குந்தி?

கிருபையம்மாள்: மல்லாட்டை உரிங்க, கடலையை இந்த முறத்துல போடுங்க. வண்டியில போறப்ப பாட்டு ஞாபகத்துக்கு வருமா, வராதா?

தேவசகாயம்: அது வந்துக்கினேதான் இருக்கு. கடைசிப் பொட்டியில ஒத்தையில குந்தியிருக்கேனா, சக்கரம் தண்டவாளத்து இணைப்புல ஏறி எறங்குது பாரு, தடக்தடக்... தடக்தடக்... அதுக்குச் சரியா பாட்டு ஓடுது. விக்கிரவாண்டி தாண்டி சமதரையில வேகம் எடுத்தா பாட்டும் வேகம் எடுக்குது. சிக்னலுக்கு நிறுத்தினா பாட்டும் நின்னுடுது.

கிருபையம்மாள்: அப்ப பீச்சாங்கை சக்கரம்.

தேவசகாயம்: இன்னாது?

கிருபையம்மாள்: பீச்சாங்கையைப் பத்தி யோசிக்கவே யோசிக்காதீங்க. அது தடக்தடக்னு ரெண்டு கட்டையை மாத்தி மாத்தி அமுக்கிக்கினு கெடக்கட்டும். சோத்தாங்கை மேல குந்திக்கினு போற ஜனம்.

தேவசகாயம்: ...இரு. அந்த மல்லாட்டையை அந்தாண்ட நகத்து.

கிருபையம்மாள்: இன்னிக்கு வேணாம்னேனே?

தேவசகாயம்: நகத்துடி. தடக்தடக்... தடக்தடக்... நீ பாடு, ஜல்தி!

கிருபையம்மாள்: டோ... மீ... ஃபா... ஸோ...

தேவசகாயம்: போவுது பாரு! கிருபை, ரெண்டும் சேந்து போவுது!

கிருபையம்மாள்: பாத்துப் போங்க. கடைசியில பீச்சாங்கை ஓரத்துக்குப் போறப்ப மெதுவா. அந்த அடிக்கட்டை அமுக்கினா அப்படியே ஒட்டிக்கும், விரலால எடுத்து வுடணும்.

தேவசகாயம்: ...உனக்கு எப்படித் தெரியும்?

கிருபையம்மாள்: எது?

தேவசகாயம்: ரொசாரியோ அம்மா பியானோவுல அடிக்கட்டை ஒட்டிக்கிறது.

கிருபையம்மாள்: நீங்கதானே சொன்னீங்க.

தேவசகாயம்: நானா?

கிருபையம்மாள்: தூக்கக் கலக்கத்துல சொல்லியிருப்பீங்க. பாட்டை வுடாதீங்க, பாட்டைப் பாருங்க.

தேவசகாயம்: சொல்லியிருப்பேன், சொல்லியிருப்பேன்... ஆங், மறந்துட்டேனே. நாளைக்கும் எனக்கு லைனு டூட்டி.

கிருபையம்மாள்: நாளைக்குமா? இன்னிக்குத்தானே வந்தீங்க?

தேவசகாயம்: ஆளு கொறச்ச. இன்னா பண்றது? பேஜாருதான். பொழுது சாஞ்சப்புறம்தான் வருவேன். நீ வேற எதுனா வேலை இருந்தா பாத்துக்க.

கிருபையம்மாள்: எனக்கு இன்னா வேலை... சரி சரி, பாத்துக்கிறேன்.

*

எஸ்தர்: அப்பா, இந்தப் பலகையிலயா நீங்க இத்தினி மாசமா கத்துக்கினீங்க? கட்டையெல்லாம் தேஞ்சி வெள்ளையாயிடுச்சே!

தேவசகாயம்: உங்கம்மா மூணு தபா கரி பூசியிருக்கா. மயிலத்துப் பள்ளிக்கூடத்துல நீ பசங்களை உருட்டி மெரட்டறே இல்ல, அந்தக் கொணம் எங்கேருந்து வந்துச்சின்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது.

கிருபையம்மாள்: லீவுல வந்த பொண்ணு கிட்ட கோள் மூட்டாதீங்க. எஸ்தர், ரவிக்கை தோள்ல பிடிக்குதா பாரு.

எஸ்தர்: பிடிக்கலம்மா. அப்பா, ஒரு தபா வாசிங்க. அம்மா பாடட்டும்.

தேவசகாயம்: கோயில்ல கேட்டுக்க. இப்பவே கேட்டுட்டா அப்புறம் கலியாணத்துல இன்னா இருக்கு? நீ உள்ள வர்றப்ப ஆரம்பிப்பேன். மாப்பிள்ளை பக்கத்துல வந்து நிக்கிற வரைக்கும் அந்தப் பாட்டு.

எஸ்தர்: நான் உள்ள வர்றப்பவா?

தேவசகாயம்: ஆமா. அப்பத்தானே வாசிக்கிறது.

எஸ்தர்: அப்ப... என் கையைப் பிடிச்சி யாரு கூட்டிக்கினு வர்றது?

தேவசகாயம்: கையைப் பிடிச்சி...

கிருபையம்மாள்: அய்யய்யோ!

எஸ்தர்: இன்னாம்மா? ரெண்டு பேரும் இப்படி முழிக்கிறீங்க?

கிருபையம்மாள்: இத்தினி மாசமா இது நமக்குத் தோணவே இல்லியேங்க!

தேவசகாயம்: அதுக்கென்ன? உங்க பெரியப்பா கூட்டிக்கினு வருவாரு.

எஸ்தர்: பெரியப்பாவா? அவரு பொடி போட்டுக்கினு வருவாரு. பாதி வழியில தும்முவாரு. பாதிரி ஐயர் மந்திரிக்கிறதையே நிறுத்திடுவாரு.

கிருபையம்மாள்: எஸ்தர்! பெரியவங்களை அப்படிச் சொல்லாத.

எஸ்தர்: சரிம்மா, சொல்லல.

தேவசகாயம்: சொன்ன வார்த்தை ஒண்ணு இருக்கே, கண்ணு. மாசிலாமணி வாத்தியாரு ஊரெல்லாம் சொல்லிட்டாராம். "சம்மந்தி வாசிக்கிறாரு, வந்து கேளுங்க"ன்னு. கேலியா சொன்னாரோ பெருமையா சொன்னாரோ... இப்ப நான் பின்வாங்கினா உனக்குத்தான் அந்த வூட்ல கொறச்சல்.

எஸ்தர்: எனக்கு ஒரு கொறச்சலும் வராதுப்பா. ஆனா நீங்க கஷ்டப்பட்டுக் கத்துக்கினதை வேணாம்னு சொல்ல நான் யாரு? பெரியப்பாவே வரட்டும்.

தேவசகாயம்: நெசமாத்தான் சொல்றியா?

எஸ்தர்: நெசமாத்தான்... சின்னதுல உங்க கூட பிளாட்பாரத்துல நடக்கறப்ப, கூட்டத்துல கையை வுட்டுடாதேன்னு சொல்லுவீங்க. அதான், கோயில்ல அத்தினி பேரு பாத்துக்கினு இருப்பாங்களேன்னு நெனச்சேன். பரவால்லப்பா. அம்மா, அந்த ஊசியைக் குடு, கையில கொஞ்சம் லூசா இருக்கு.

*

கிருபையம்மாள்: இன்னாங்க இது? கையில இன்னா கட்டு?

தேவசகாயம்: ஒண்ணுமில்ல, பதறாத. சம்மந்தி வூட்டுக் கெணத்துல தண்ணி சேந்தினேனா... ராட்டினத்துக்கும் கயித்துக்கும் நடுவுல விரல் மாட்டிக்கிச்சி.

கிருபையம்மாள்: ஐயோ கடவுளே! கலியாணத்தன்னிக்குக் காலையிலயா? உங்களை யாரு தண்ணி சேந்தச் சொன்னது? இத்தினி பேரு இருக்காங்க... காட்டுங்க!

தேவசகாயம்: அவுக்காத. அவுத்தா ரத்தம் வரும்.

எஸ்தர்: அப்பா, ரொம்ப வலிக்குதா?

தேவசகாயம்: வலி கெடக்குது, கண்ணு. மடக்கத்தான் முடியல. சோத்தாங்கைல நடுவிரலும் மோதிர விரலும். போயும் போயும்...

கிருபையம்மாள்: கோயில்ல ஜனம் ரொம்பிடுச்சே. சம்மந்தி பியானோ மேல இருந்த துணியெல்லாம் எடுத்துத் தொடச்சி வெச்சிருக்காரு. இப்ப போய் இன்னான்னு சொல்றது?

தேவசகாயம்: விரல் நசுங்கிடுச்சின்னு சொல்றது.

கிருபையம்மாள்: நம்புவாரா? பயந்துக்கினு துணி சுத்திக்கினு வந்துட்டாரும்பாரு.

எஸ்தர்: யாரு இன்னா சொன்னா இன்னாம்மா? பாட்டு இல்லாமயே நான் நடந்து வர்றேன். அப்பா கையை வலிக்காம பிடிச்சுக்கிறேன். இந்தப் பக்கத்துக் கையை.

தேவசகாயம்: அதான். அதுதான் சரி. பாட்டு இல்லன்னா கலியாணம் நடக்காதா?

கிருபையம்மாள்: இருங்க.

தேவசகாயம்: இன்னா இரு? மணி அடிச்சிட்டாங்க.

கிருபையம்மாள்: இருங்கன்னா... ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக்கூடாது.

தேவசகாயம்: சொல்லு.

கிருபையம்மாள்: நான் வாசிக்கிறேன்.

தேவசகாயம்: நீயா? இங்க இருக்கிறது பலகை இல்லடி.

கிருபையம்மாள்: தெரியும். நீங்க லைன்ல போற நாள்ல நான் ரொசாரியோ அம்மா வூட்டுக்குப் போயிக்கினு இருந்தேன். அந்தம்மாவுக்கு கேப்பை அடை சுட்டு எடுத்துக்கினு போவேன். அடை தின்னுக்கினே கத்துக்குடுப்பாங்க.

எஸ்தர்: அம்மா!

தேவசகாயம்: அட... அப்படியா சங்கதி!

கிருபையம்மாள்: கோவமா?

தேவசகாயம்: கோவிச்சுக்க இப்ப ஏது நேரம்? போ, போய் உக்காரு.

கிருபையம்மாள்: சொல்லிட்டேனே தவிர, பயமா இருக்குதுங்க. அந்தம்மாவும் நானும் மட்டும் இருக்கிற எடத்துல வாசிச்சது. இங்க எத்தினி கண்ணு... முடியாதுங்க. பாட்டு இல்லாமயே போங்க.

எஸ்தர்: அம்மா, நான் உன்னையே பாத்துக்கினு வர்றேன். நீ பியானோவைப் பாரு, வேற யாரையும் பாக்காத.

தேவசகாயம்: கிருபை, இங்க பாரு. முழுசா வாசிக்க வேணாம். ஒரு வரி வாசி. சோத்தாங்கை மட்டும். பிடிக்கலன்னா எழுந்து வந்துடு.

கிருபையம்மாள்: ஒரு வரிதானே?

தேவசகாயம்: ஒரு வரிதான்.

கிருபையம்மாள்: ...முந்தானையைச் சரி பண்ணு, எஸ்தர். நான் போறேன்.

*

தேவசகாயம்: ஜன்னலோரம் உக்காரு. புகை வந்தா சொல்லு, சாத்திடலாம்.

கிருபையம்மாள்: வேணாங்க, காத்து வரட்டும். வூட்டுக்குப் போனா எஸ்தர் இருக்கமாட்டா இல்ல...

தேவசகாயம்: மயிலத்துல இருந்தப்ப மட்டும் வூட்லயா இருந்தா? இந்தா திண்டிவனம், விழுப்புரத்துலேருந்து கூப்பிடு தூரம். நான் போற வழிதானே? வாரத்துக்கு ரெண்டு தபா கொடி ஆட்டிட்டு வருவேன்.

கிருபையம்மாள்: நல்ல எடம்தான். மாமியார்க்காரி கையைப் பிடிச்சிக்கினு வுடவே இல்ல.

தேவசகாயம்: யாரு கையை? எஸ்தர் கையையா?

கிருபையம்மாள்: என் கையை! பிடிச்சிப் பிடிச்சிப் பாக்கறாங்க. "இந்த விரலா வாசிச்சது"ங்கறாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு.

தேவசகாயம்: மாசிலாமணி வாத்தியாரு?

கிருபையம்மாள்: அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடச்சிக்கினே இருந்தாரு. அப்புறம் கிட்ட வந்து, "அம்மா, ஞாயித்துக்கெழமையில வர முடியுமா? ரயில் சவுகரியம் எப்படி"ன்னாரு. இழுவை ஒண்ணும் இல்லிங்க. நெசமாத்தான் கேட்டாரு.

தேவசகாயம்: நீ இன்னா சொன்னே?

கிருபையம்மாள்: வூட்ல கேட்டுச் சொல்றேன்னேன்.

தேவசகாயம்: கேட்டாச்சி. வருவேன்னு சொல்லிடு.

கிருபையம்மாள்: ரெண்டாவது சரணத்துல ஒரு எடத்துல தப்பிட்டேன். கேட்டுச்சா?

தேவசகாயம்: கேட்டுச்சி. நானும் எஸ்தரும் அந்த எடத்துல கால் எடுத்து வைக்காம நின்னோம். நீ திரும்பப் பிடிச்சே, நாங்க திரும்ப நடந்தோம். ஜனம் அது மொறைன்னு நெனச்சிருக்கும்.

கிருபையம்மாள்: அவ உங்க கையைப் பிடிச்சுக்கினு வந்ததை ஓரக்கண்ணால பாத்தேன். அதான் தப்பிடுச்சி.

தேவசகாயம்: பியானோவை மட்டும் பாருன்னு சொன்னா கேட்டாத்தானே.

கிருபையம்மாள்: இன்னாங்க... மனசுல ஒண்ணும் வெச்சுக்கலியே? நீங்க தூக்கம் கெட்டுக் கத்துக்கினது. கடைசியில நான் போய் உக்காந்துட்டேன். ஒளிச்சி வெச்சது தப்புதான். போர்டிங்ல படிக்கிறப்ப பியானோவைத் தொடைக்கிற வேலை எனக்கு. தொடைக்கலாம், அமுக்கக்கூடாதும்பாங்க. துணியை வெச்சி மேலாக்க ஓட்டுவேன். அந்த ஆசை உள்ளயே கெடந்துச்சி. ரொசாரியோ அம்மா வூட்ல நீங்க மறந்து வெச்சிட்ட சாப்பாட்டுப் பொட்டியை எடுக்கப் போன அன்னிக்கு அந்தம்மா, "நீயும் உக்காரு"ன்னாங்க. எனக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்துடுச்சி. அதைச் சொன்னா உங்களுக்குக் கை ஓடாதேன்னுதான்...

தேவசகாயம்: சரி சரி, அழுவாத. எதிர்ல குந்தியிருக்கிறவரு நான் அடிச்சிட்டேன்னு நெனைக்கப் போறாரு.

கிருபையம்மாள்: அழுவல. கையைக் காட்டுங்க. சம்மந்தியம்மா மஞ்சள் கொழைச்சிக் குடுத்திருக்காங்க. ஈரத்துணியோட இருந்தா சீழ் பிடிச்சிக்கும்.

தேவசகாயம்: வூட்ல பாத்துக்கலாம். வண்டி ஆடுது.

கிருபையம்மாள்: இருபது வருஷமா ஆடற வண்டியில குந்தற மனுஷனுக்கு இன்னிக்குத்தான் ஆடுதா? குடுங்க இப்படி.

தேவசகாயம்: அடி, மெதுவா...

கிருபையம்மாள்: மெதுவாத்தான் அவுக்கறேன்... எங்க இருக்கு காயம்?... வீக்கம் இல்ல. ஒரு சிராய்ப்புகூட இல்லியே! மடக்குங்க... நல்லா மடங்குது. ஏங்க, இன்னா இது? உங்களுக்கும் பயமா? நானாவது வாய் தெறந்து சொன்னேன். வாசிக்க வரலன்னு எங்கிட்டகூடவா மறைக்கிறது?

தேவசகாயம்: நேத்து ரொசாரியோ அம்மா எதிர்ல முழுப் பாட்டும் வாசிச்சேன்டி, அந்தம்மா எழுந்து போய் ஜன்னலைத் தெறந்து வெச்சாங்க... ஆனா ஐப்பசியில ஒரு நாள் மழையில வண்டி நின்னுபோயி நான் சீக்கிரமா திரும்பறப்பவே, அந்தம்மா வூட்டு வேலிக்கு அந்தாண்டேருந்து நீ வாசிக்கிறதைக் கேட்டுட்டேன்; அன்னியிலேருந்து லைனு இல்லாத நாள்லயும் லைனுன்னு பொய் சொல்லிட்டுக் கெளம்பிப்போய் அந்த வேலியோரமே நின்னுக்கினு இருந்தேன்... நான் ஒருத்தன் திருட்டுத்தனமா கேட்டா போதுமா, கிருபை?